தனிக்குடித்தனம் போவது எஞ்சின் மட்டுமே

அன்பும் மரியாதையும் என்றும் குறையாத சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்பது மரியாதை. எழுதிவிட்டேன். இனி மற்றது.

சம்பந்தியம்மாள் என் மனைவியைத் தொலைபேசியில் அழைத்ததும், "எங்க பையன் உங்களுக்குப் பாரமா இருந்தா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, வாசல்ல நின்னு நாலு பேர் கேக்கக் கத்தணுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டதும் என் காதுக்கு வந்தன. தாங்கள் அருகிலேயே இருந்து செருமிக்கொண்டிருந்தீர்கள் என்று என் மனைவி சொன்னாள். அந்தச் செருமல்தான் என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. நான் என் வீட்டு வாசலில் நின்று, "இந்த உப்பு மூட்டைய இன்னும் எத்தன நாளைக்குத்தான் சுமக்கறது? பேசாம தனிக்குடித்தனம் வெச்சுடுங்க மாப்பிள்ளை!" என்று உரக்கச் சொன்னது உண்மை. ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் சம்பந்தி, உப்பு மூட்டை என்று நான் சொன்னது தங்கள் மகனை அல்ல. தனிக்குடித்தனம் போவதும் அவர் அல்ல. எஞ்சின் மட்டுமே. இதை ஆதியிலிருந்து சொன்னால்தான் விளங்கும் என்பதால் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் கலைச்சொல் ஆக்கும் குழுவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதைத் தாங்கள் மறந்திருக்கலாம். உலகத்தில் எந்தப் பொருள் புதிதாக வந்தாலும் அதற்குத் தமிழில் ஒரு பெயர் வைப்பது எங்கள் வேலை. நாங்கள் பெயர் வைத்து முடிப்பதற்குள் அந்தப் பொருளே வழக்கொழிந்துவிடும் என்பது வேறு விஷயம். நான் உருவாக்கிய சொற்களை என்னைத் தவிர யாரும் வாயில் போட்டுப் பார்த்ததில்லை. என் மனைவி அவற்றைக் கேட்டாலே "என்னங்க, மனுஷங்க பேசற மாதிரி பேசுங்க" என்பாள். அப்படிப்பட்ட எனக்கு, தங்கள் மகன் வந்து எங்கள் வீட்டில் தங்கிய இந்த மூன்று வருடத்தில்தான் ஒரு கேட்பாளர் கிடைத்தார். நான் ஒரு சொல்லைச் சொன்னால் ஒருமுறை தலையாட்டுவார், மறுநாள் அதையே சர்வசாதாரணமாகப் பயன்படுத்துவார். எனக்கு அது என்ன சந்தோஷம் தெரியுமா? ஒரு குழுத் தலைவருக்குக்கூடக் கிடைக்காத சந்தோஷம்.

இப்போது காருக்கு வருகிறேன். அந்தக் கார் என்னிடம் இருந்தவரை மூன்றாவது கியருக்கு மேல் உலகம் இருப்பதையே அறியாமல் வளர்ந்தது. கண்ணில் புரை எடுத்தபின் சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்தேன், அலுவலகம் போய்வர உதவுமே என்று. அவர் அதற்கு டர்போ பொருத்தினார். டர்போ என்றால், எஞ்சின் விடுகிற புகையைக் கொண்டே ஒரு காற்றாடியைச் சுற்றவிட்டு, அந்தக் காற்றாடியைக் கொண்டு எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பது. தங்கள் மகன் காப்பீட்டு நிறுவனத்தில் என்ன வேலை பார்க்கிறார் என்பது தங்களுக்குத் தெரியும். காரில் எதையாவது இஷ்டத்துக்கு மாற்றிப் பொருத்தியிருந்தால் இழப்பீடு கிடையாது என்று வாடிக்கையாளர்களுக்கு வருத்தத்துடன் கடிதம் எழுதுகிற வேலை. பகலெல்லாம் அந்த வருத்தத்தைத் தெரிவித்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு காருக்கு அடியில் படுத்துக்கொள்வார். நான் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, அவர் கேட்கிற ஸ்பேனரைத் தவிர மற்ற எல்லா ஸ்பேனரையும் எடுத்துக் கொடுப்பேன்.

டர்போ வந்ததும் ஒரு சிக்கலும் கூடவே வந்தது. காருக்குள் காலடிப் பக்கம் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று எஞ்சினுக்கு உத்தரவு போடுவது அதுதான். தன் சர்வீசில் இவ்வளவு காற்றைக் கண்டிராத அந்தப் பெட்டி மிரண்டுபோய், வண்டி வேகமெடுக்கும் போதெல்லாம் பெட்ரோலை நிறுத்திவிட்டது. முன்மாதிரி இல்லாத கோப்பு மேசைக்கு வந்தால் எங்கள் அலுவலகத்திலும் இதையேதான் செய்வோம். ஆகவே எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி முன் இருக்கையில் போய் நெற்றியை இடித்துக்கொண்டாள். "இதுக்குப் பேரு என்ன மாப்பிள்ளை?" என்று கேட்டாள். "எஞ்சின் மேனேஜ்மென்ட் அத்தை. அத மாத்தணும்" என்றார் அவர். நான் உடனே "எந்திர நிர்வாகம்" என்று மொழிபெயர்த்தேன். "நிர்வாகம்னா அப்புறம் வண்டி எங்கேர்ந்து நகரும்?" என்றாள் அவள்.

எந்த நிர்வாகத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் எங்கள் குடும்பம் இப்படிச் சந்தி சிரிக்கும்படி ஆயிற்று. மாப்பிள்ளை கைபேசியில் ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறார். அங்கே இதைப் பற்றி மட்டுமே பேசுகிறவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒப்புக்கொண்டால் அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள் போலிருக்கிறது. அதில் மிகவும் அடித்துப் பேசுகிற ஆசாமி ஒருவர், எல்லோருடைய எஞ்சினும் என்றைக்கு வெடிக்கும் என்று தேதி குறித்துக் கொடுப்பவர், தினமும் பஸ்ஸில்தான் அலுவலகம் போகிறாராம். இவர்கள் பேச்சையெல்லாம் வடிகட்டியதில் மூன்று வழி இருப்பது தெரிந்தது. பழைய பெட்டிக்குள் இருப்பதை அழித்துப் புதிதாக எழுதலாம். அதற்கு நான் மூளைச்சலவை என்று பெயர் வைத்தேன். பழைய பெட்டியின் முதுகில் இன்னொரு பெட்டியை ஏற்றிவிடலாம். அது உப்பு மூட்டை. பழையதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுப்பெட்டி ஒன்றே முழுப்பொறுப்பையும் ஏற்கும்படி செய்யலாம். அதுதான் தனிக்குடித்தனம். இந்த மூன்று சொல்லும் வந்த நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் இவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். பல் டாக்டராக இருக்கும் என் மகள்கூட! என் வாழ்நாளில் இவ்வளவு செல்வாக்குள்ள மூன்று சொற்களை நான் உருவாக்கியதில்லை.

முதலில் மூளைச்சலவை. அதைச் செய்தவர் கடை, என் மகளுடைய மருத்துவமனையைவிடச் சுத்தமாக இருந்தது. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு மடிக்கணினியைச் செருகினார், கண்ணை மூடி யோசித்தார், முடிந்தது என்றார். வண்டி நன்றாகத்தான் கிளம்பியது. வீட்டு வாசலில் வந்து நின்றதும் பின்னாலிருந்து வெடி போட்டது போல ஒரு சத்தமும், அதைத் தொடர்ந்து கருப்பாக ஒரு புகையும் வந்தன. "பெட்ரோல் தேவைக்கு மேல போகுது மாமா, ரொம்ப ரிச்சா ஓடுது" என்றார் மாப்பிள்ளை. "பணக்கார வண்டிக்கு இப்படியா வாசல் கறுக்கும்?" என்றாள் என் மனைவி. வாசல் மட்டும் கறுத்திருந்தால் பரவாயில்லை. மாடி வீட்டு அம்மாள் அன்றைக்கென்று பார்த்து வெள்ளை விரிப்புகளாகத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். அவர் வளர்க்கும் பூனை அந்தச் சத்தத்தில் திரைச்சீலைக் கம்பியில் ஏறியது, தீயணைப்புத் துறையைக் கூப்பிடலாமா என்று யோசிக்கும் வரை இறங்கவில்லை. அன்றிலிருந்து அந்த அம்மாள் எங்கள் வாசலில் யார் என்ன பேசினாலும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார். கல்யாணத்தில் சம்பந்தியம்மாளின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தொலைபேசி எண் வாங்கிக்கொண்டவரும் இதே அம்மாள்தான். வதந்தி எந்த வழியாக வந்தது என்று இப்போது தங்களுக்குப் புரிந்திருக்கும்.

அடுத்து உப்பு மூட்டை. இதற்கு இரண்டாவது நிபுணர். முதல் நிபுணரின் வேலையைப் பார்த்துவிட்டு அவர் தலையில் அடித்துக்கொண்டார். நிபுணர்கள் எல்லோரும் செய்கிற முதல் வேலை இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். உப்பு மூட்டையின் வேலை என்னவென்றால், பழைய பெட்டியிடம் பொய் சொல்வது. உள்ளே காற்று புயலாக வந்துகொண்டிருக்கும். இது பழையதின் காதில், "ஒண்ணும் இல்ல, எப்பவும் வர்ற காத்துதான்" என்று சொல்லும். பழையதும் நம்பிக்கொண்டு வழக்கம்போல் உத்தரவு போடும். வீட்டுப் பெரியவருக்கு எதுவும் தெரியாமல் பார்த்துக்கொண்டு சின்னவர்கள் காலம் தள்ளுகிற ஏற்பாடு. எனக்கு இது அறவே பிடிக்கவில்லை. "இப்படி ஏமாத்தி எத்தன நாளைக்கு ஓட்ட முடியும் மாப்பிள்ளை?" என்று அப்போதே கேட்டேன். மாப்பிள்ளை என்னவோ சொல்ல வந்து, என் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நான் நினைத்தபடியே பழையது ஒருநாள் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடித்த இடம் பிரதான சாலை, அலுவலகம் விடும் நேரம். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி கோபித்துக்கொண்ட மனிதர் மாதிரி நடைவேகத்துக்கு மேல் போக மறுத்தது. நானும் உடன் இருந்தேன். சைக்கிள்காரர்கள் எங்களை முந்தினார்கள். முந்தும்போது ஆளுக்கு ஓர் ஆலோசனை வேறு. பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால், அதில் இருந்தவர் மாப்பிள்ளையின் மேலதிகாரி! "என்ன ஆச்சு, பானெட்டத் திறங்க, பாக்கலாம்" என்று அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்துவிட்டார். திறந்தால் டர்போ பளபளவென்று பல்லிளிக்கும். மாப்பிள்ளை சட்டென்று பானெட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். "வேண்டாம் சார், சூடா இருக்கு" என்றார். அவ்வளவு சூடாக இருக்கும் இடத்தில் ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று அதிகாரி கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "உங்க மாப்பிள்ளைய ரெண்டு நாள் ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது எனக்கு இருந்த எரிச்சலில்தான் மேற்படி வாக்கியத்தைச் சொன்னேன். உப்பு மூட்டை, தனிக்குடித்தனம், எல்லாம். மேலே பால்கனியில் கம்பி கிறீச்சிட்டது. நான் அப்போது கவனிக்கவில்லை.

மூன்றாவது நிபுணரின் பட்டறைக்கு நானும் போனேன். அங்கே காரை உருளைகளின் மேல் ஏற்றிக் கட்டிவைத்து ஓட்டுகிறார்கள். சக்கரம் பேய்த்தனமாகச் சுற்றுகிறது, சத்தம் காதைக் கிழிக்கிறது, முள் உச்சிக்குப் போகிறது, கார் இருந்த இடத்தை விட்டு ஒரு விரற்கடை நகரவில்லை. எனக்கு என் அலுவலக வாழ்க்கை கண்முன் வந்துபோனது. அந்த நிபுணர் முதல் இருவரின் வேலையையும் பார்த்து, ஒரே தரம் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "தனிக்குடித்தனம்தான் சார் ஒரே வழி" என்றார். என் சொல் பட்டறை வரை போய்விட்டது, பார்த்தீர்களா!

இவ்வளவும் நான் எழுதுவது, என் வீட்டில் தங்கள் மகன் எந்த மனக்குறையும் இல்லாமல் இருக்கிறார் என்று காட்டத்தான். அதற்கு இன்னொரு சான்றும் தருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை தண்ணீர் குடித்தார், மறுபடி குடித்தார், பிறகு மெல்ல ஆரம்பித்தார். "மாமா, தனிக்குடித்தனம்னு முடிவு பண்ணினா உங்க மனசுல ஒண்ணும் வருத்தம் இல்லையே?"

ஒரு பெட்டி வாங்கவே என் அனுமதியைக் கேட்கிறார் என்றால் தங்கள் வளர்ப்பை என்னவென்று சொல்வது! எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எனக்கென்ன வருத்தம்? நான் இத எப்பவோ சொல்லிட்டேன். பழசோடவே கட்டிப்போட்டு வெச்சா ரெண்டுக்கும் நல்லதில்ல மாப்பிள்ளை. அதுக்கு வயசாச்சு. உங்க வேகம் அதுக்குப் புரியாது. புரியாததனால குறுக்க விழுந்து நிறுத்தப் பாக்கும். அதுமேல தப்பில்ல, அது பார்த்த காலம் அப்படி" என்றேன்.

என் மகள் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். "அப்பா, நிஜமாத்தான் சொல்றீங்களா? ஆரம்பத்துல கஷ்டமா இருக்காதா?"

"கொஞ்சம் தடுமாறும்மா. காலைல எழுந்திருக்கவே அடம் பிடிக்கும். எது எவ்வளவுன்னு ஒண்ணொண்ணாத் தானா கத்துக்கணும். ஆனா யார்கிட்டயும் பொய் சொல்ல வேண்டியதில்ல பாரு, அந்த நிம்மதி ஒண்ணு போதாதா?"

"எப்ப வெச்சுக்கலாம் மாமா?" என்றார் மாப்பிள்ளை. "தள்ளிப்போடவே போடாதீங்க, அடுத்த மாசமே முடிச்சிடுங்க" என்றேன். உடனே என் மகள் எழுந்து வந்து, கையைக்கூடக் கழுவாமல், என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். சின்ன வயதில் ஒரு பென்சில் பெட்டிக்குக்கூட அவள் இப்படி உருகியதில்லை. தங்கள் மகனின் எந்திர ஆர்வம் அவளுக்கும் அவ்வளவு தூரம் தொற்றிக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளையின் கண்ணும் கலங்கியிருந்தது. என் மனைவி மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அவளுக்குக் கார் விஷயத்தில் அக்கறை குறைவு.

ஆகவே சம்பந்தி, எந்த மாமனாராவது இப்படிப்பட்ட மாப்பிள்ளையை வெளியே போ என்று சொல்வானா? மாலை ஆறு மணிக்குக் கேட் திறக்கிற சத்தம் கேட்காவிட்டால் எனக்கு அன்றைய பொழுது போன மாதிரியே இருக்காது. மனதில் இருப்பதை மறைக்காமல் எழுதுகிறேன்: அவர்கள் இருவரும் இந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதுதான் ஓய்வுக்குப்பின் எனக்கு இருக்கிற ஒரே உத்தியோகம். அவர்கள் எங்கும் போகவில்லை. போகவும் மாட்டார்கள். இதைச் சம்பந்தியம்மாளுக்கு ஒருமுறைக்கு இருமுறை வாசித்துக் காட்டவும். மாடி வீட்டு அம்மாள் மறுபடி அழைத்தால், பூனை நலமா என்று கேட்டுவிட்டு வைத்துவிடச் சொல்லவும்.

சம்பந்தியம்மாளுக்கு என் மனைவியின் அன்பையும், வாசலில் கத்தியதற்கு என் வருத்தத்தையும் சேர்ப்பிக்கவும். தங்கள் வீட்டில் உள்ள சிறியவர்கள் எல்லோருக்கும் எங்கள் ஆசிகள். தங்கள் செருமலுக்கு வெந்நீர் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாறாத சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதை எழுதும்படி ஆகிவிட்டது. மகளும் மாப்பிள்ளையும் இப்போதுதான் ஒரு சாவியோடு வந்தார்கள். ஊரின் அந்தக் கோடியில் வீடு பார்த்து, பேசி முடித்துவிட்டார்களாம். அடுத்த மாதம் போகிறார்கள். "ஒரு வருஷமா உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தோம் மாமா. வாசல்ல நீங்க சொன்னப்ப நான் காரைத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன். இவதான், அப்பா நமக்காகப் பூடகமா சொல்றாருன்னு சொன்னா. அன்னிக்கு சாப்பிடும்போது நீங்க பேசினத கேட்டப்புறம்தான் தைரியமே வந்துச்சு" என்று சொல்லி மாப்பிள்ளை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் என்ன சொல்ல, சம்பந்தி? "நான் சொன்னது பெட்டியை" என்று வாய் வரைக்கும் வந்தது. மகள் முகத்தைப் பார்த்தேன். "ஆமாம்மா, பூடகமாத்தான் சொன்னேன்" என்றேன்.

அவர்கள் உள்ளே போனதும் மனைவியிடம் கேட்டேன், உனக்கு அன்றே புரிந்துவிட்டதா என்று. "புரியாமயா எழுந்து போனேன்?" என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன். "வாழ்க்கையிலயே முதல் தடவையா எல்லாருக்கும் புரியற மாதிரி பேசிட்டிருந்தீங்க, நடுவுல புகுந்து கெடுக்க மனசு வரல" என்றாள். ஆகவே மேலே நான் எழுதியது எதையும் தாங்கள் படித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். தனிக்குடித்தன யோசனை முழுக்க முழுக்க என்னுடையதுதான் என்றே சம்பந்தியம்மாள் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

புது வீட்டில் நிறுத்த இடமில்லாததால் கார் இங்கேயேதான் நிற்கப்போகிறது. புதுப்பெட்டியைப் பொருத்தினால் ஒரே வாரத்தில் எல்லாம் சரியாகிவிடுமா என்று மூன்றாவது நிபுணரைச் சற்றுமுன் தொலைபேசியில் கேட்டேன். "சரியா அமையறது அவங்கவங்க அதிர்ஷ்டம் சார். சிலருக்கு அமையவே அமையாது, வாராவாரம் வந்து எதையாவது திருகிட்டே இருக்கணும்" என்றார். தங்கள் பிரார்த்தனையில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சம்பந்தி. அந்தப் பெட்டி ஒருநாளும் சரியாக அமைந்துவிடக் கூடாது.